அரசப்பன் பெயரைத் தேடிய கணினி

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் வயலில் இனி கோரை மட்டுமே விளையட்டும். சத்தியம், சத்தியம், மூன்றாவது தரமும் சத்தியம்!

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். கணினியில் விவசாயியின் பதிவு வந்தால்தான் அங்கே நெல்லை எடை போடுவார்கள். திங்களன்று பெயரைத் தட்டினால் கண் சிமிட்டுவதற்குள் வந்தது. வியாழனன்று ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

விவசாயி அரசப்பனின் நெல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என் பேர் வந்துச்சா சார்?"

"தேடுதுண்ணே" என்றார் எழுத்தர் கிளாட்சன்.

"நான் என்ன தேர்க்கூட்டத்துல காணாமப் போன புள்ளையா? எதிர்லதானய்யா நிக்கிறேன்!"

தஞ்சாவூரிலிருந்து பிரின்ஸி என்ற பொறியாளர் வந்து அரை மணியில் கண்டுபிடித்தார். "யார் எதைத் தேடினாலும் இது குறிச்சு வச்சுக்குது சார். அடுத்த பேரைத் தேடுறதுக்கு முன்னாடி அந்தக் குறிப்பு அத்தனையும் முதல்லேருந்து படிக்குது. பழசை அழிச்சாப் போதும்."

அதிகாரி நெடுமாறன் நிமிர்ந்தார். "முன்நேர்வுகளை, அதாவது பழைய குறிப்புகளை, பரிசீலிக்காமல் முடிவெடுக்கும் வழக்கம் இங்கில்லை, அம்மா. அப்படிப் படிக்க வைத்ததே நான்தான்."

உடனே குழு அமைந்தது. 'தாமதத்தின் அளவை ஐயமற உறுதி செய்யும் பொருட்டு' பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரசப்பனைத் தேட ஆணை பிறந்தது.

"நீங்க அளக்குறதாலயே கூடுது சார்!"

"எவ்வளவு கூடுகிறது என்று அளந்து சொல்லுங்கள்."

பிரின்ஸி விவசாயிகளிடம் திரும்பினார். "நீங்களாவது சேர்ந்து சொல்லுங்க, அழிச்சிடலாம்னு."

முதலில் குதித்தவர் அரசப்பன்தான். "அழிக்கிறதா? நாப்பது தரம் கேட்டிருக்கேன், அதுக்கு அதுதானம்மா சாட்சி! நேத்து வந்தவனும் நானும் ஒண்ணா?"

மற்றவர்களும் ஆமோதித்தார்கள். மழையும் வந்தது. மூன்று நாள் விடவில்லை.

நான்காம் நாள் கிளாட்சன் கோணிச் சாக்கோடு ஓடிவந்தார். "அண்ணே, பேர் வந்துடுச்சு!"

குவியல் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. நெடுமாறன் குனிந்து பார்த்துவிட்டுக் கோப்பில் எழுதினார்: 'விவசாயி வெற்றிகரமாகக் கண்டறியப்பட்டார். பொருள் நெல் அல்ல, நாற்று. இந்நிலையத்தின் வரம்புக்குள் வராது.'

"நாத்தை எங்க சார் பதியணும்?"

"அதுக்கு வேற ஆபீஸ்ணே. கணினி இதே மாதிரிதான்" என்றார் கிளாட்சன்.

யார் சொன்னது என்று கேட்டால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. என் பெயரையும் தட்டிப் பார்ப்பார்கள். பின்னால் இன்னும் முப்பத்தேழு பேருடைய நெல் கிடக்கிறது.