தாடைச் சித்தரின் இரண்டு கட்டு

தாடைச் சித்தர் இறுகிய வாயைத் திறந்து வைக்கிறாராம்! கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிளக்க முடியாதவர்கள் வரிசையில் நின்றார்கள்.

வாடகை மண்டபம். மேடையில் பட்டுத் துண்டு போர்த்திக்கொண்டு சித்தர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கித் தாடை இறுகியவர்களுக்கு அவர் கையில் இருப்பது அருட்குச்சி. பார்வைக்கு ஐஸ்கிரீம் குச்சிதான். பத்துக் குச்சியை அடுக்கி ஒரே கட்டாகக் கட்டிப் பல்லிடுக்கில் வைப்பார், நுழையாது. புகை போட்டு, முணுமுணுத்து, ஊதுவார், நுழைந்துவிடும்! ஆஸ்பத்திரியிலும் இதே குச்சிப் பயிற்சிதான். ஆனால் அங்கே புகை கிடையாது. பிறகு யார் மதிப்பார்கள்?

வரிசையில் ஓர் ஏலக்காரர். ஒரு காலத்தில் அவர் குரல் கொடுத்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். இப்போது பல்லிடுக்கில் பேசுகிறார். தினமும் குச்சி வைத்துத் தாடையை விரித்தால் மறுபடி ஏலம் கூவலாம், விட்டால் இறுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எட்டுக் குச்சி வரை வந்தும்விட்டார். அப்போதுதான் சித்தரின் கட்டளை: அருள் பட்ட வாயில் ஆஸ்பத்திரிக் குச்சி படக்கூடாது!

பயிற்சி நின்றது. மண்டபத்தில் பத்துக் குச்சி நுழையும். வீட்டில் கரண்டியே பல்லில் இடிக்கும்.

"என்னங்க, அங்க திறக்குற வாய் இங்க ஏன் திறக்கல?" என்றாள் மனைவி.

"வீட்ல அருள் கம்மி" என்றார் மனுஷன். எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பு!

அடுத்த வாரம் அவளும் கூடவே போனாள். கண்ணில் ஒற்றிக்கொள்ள அருட்கட்டு கூட்டத்தில் கைமாறி வந்தது. பக்திப் பரவசத்தோடு வாங்கியவள், மறைத்து வைத்திருந்த பேனாவால் பத்துக் குச்சி முனையிலும் படுகிற மாதிரி ஒரு நீலக் கோடு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏலக்காரர் முறை வந்தது. கட்டு நுழையவில்லை. புகை எழுந்தது. சித்தர் ஊதினார். கட்டு நுழைந்தது! கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

"சாமி, ஒரு நிமிஷம். குச்சியில நான் போட்ட நீலக் கோடு எங்க?"

"அருள் அழிச்சிடுச்சும்மா."

"அப்ப இது என்ன?" மேடையேறிச் சித்தரின் பட்டுத் துண்டை அவள் உதறினாள். நீலக் கோட்டோடு ஒரு கட்டு கீழே விழுந்தது. கணவர் வாயிலிருந்து எடுத்த கட்டை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டிலும் பத்துக் குச்சி. ஆனால் வாயில் நுழைந்தது மற்றதில் பாதித் தடிமன்தான். அதில் அத்தனை குச்சியும் இழைத்து மெலியவைத்தவை.

"மெலிஞ்சது குச்சியில்ல, உங்க பாவம்!" என்றார் சித்தர்.

"இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டவும் நாலு பேர் இருந்தார்கள்.

ஏலக்காரர் எழுந்தார். மெலிந்த கட்டைத் தூக்கிப் பிடித்தார். பல்லிடுக்கிலேயே கூவினார்: "பத்துக் குச்சி! பாதித் தடிமன்! முழு ஏமாத்து! யாருக்கு வேணும்?"

யாரும் விலை கேட்கவில்லை. சித்தர் பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏலக்காரர் வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் குச்சியை அடுக்கினார். ஆறுதான் நுழைந்தது. அவர் கண் கலங்கியது.

"பரவாயில்லங்க. எட்டு வரைக்கும் வந்த வாய்தானே, மறுபடி வரும்" என்றாள் அவள்.

வரும். கதிர்வீச்சில் இறுகிய தாடையைப் பயிற்சி மெல்ல மெல்லத் திறந்துவிடும். நோயே இல்லாமல், ஒரு கேள்வி கேட்கக்கூடத் திறக்காமல், அந்த மண்டபத்தில் இறுகிக் கிடந்தனவே அத்தனை வாய்கள், அவற்றுக்கு எந்தக் குச்சி வைப்பது?