ஏழாம் பக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள், ஒன்பதாம் வகுப்பு, பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அம்மா நலம். உங்கள் நலமும் பெரியம்மாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நான் மட்டும் நலமாக இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தினால் என்று எடுத்துக்கொள்ளவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்களிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருக்கிறதே, பெரியப்பா. நாளைக் காலையில் உங்கள் ஊர் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் மதியத்துக்குள் வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை, தேசிய விவசாயக் கூட்டுறவுக் கூட்டமைப்பின் நாற்பதாம் ஆண்டு விழாவில் வெளியிடப்போகும் வரலாற்றுப் புத்தகத்தை எழுதியது அப்பா என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஏழாம் பக்கத்தை மட்டும் எழுதியது நான் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் முழுக்க உங்களைப் பற்றியது. உங்களைக் கேட்காமல் எழுதினேன். புத்தகம் அச்சாகி, இன்னும் பிரிக்காத பெட்டிகளாக எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் அவற்றைத் தாண்டித்தான் செருப்பு மாட்ட வேண்டும். நீங்கள் கூட்டமைப்பின் தலைவியம்மாவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் வெளியீட்டை நிறுத்திவிடுவார். சொல்லிவிடுங்கள். அப்பாவைக் காப்பாற்றுங்கள்.

இது எப்படி நடந்தது என்றால், அப்பா கூட்டமைப்பு அலுவலகத்தில் ஆவண அறையைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் வரலாற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள், அப்பா ஒற்றை விரலால் டைப் அடிப்பவர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கூட்டமைப்பில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா: ஒரு சங்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அந்தச் சங்கம் கையெழுத்துப் போட்டால்தான் அது அச்சுக்குப் போகும். சங்கங்களோ இருநூற்றுக்கு மேல். முதல் கூட்டம் ஒரு கிடங்கில் நடந்தது, வந்தவர்கள் உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள் என்று அப்பா எழுதினார். மறுநாளே வெங்காயச் சங்கத்திலிருந்து ஒரு மாமா வந்து, “ஏன் சார், வெங்காய மூட்ட மேல உக்காந்தா ஆகாதா? எங்க மூட்டையும்தான அங்க கிடந்துச்சு?” என்று கேட்டார். சரி, இரண்டு மூட்டையும் என்று மாற்றினோம். முட்டைச் சங்கத்தார், “அப்ப நாங்க எது மேல உக்காந்தோம்னு எழுதப் போறீங்க? சொல்லுங்க பாப்போம்” என்றார்கள். முட்டைச் சங்கத்தார் நின்றார்கள் என்று சேர்த்தோம். கிடங்குக்கு முதலில் வந்தது நாங்கள்தான் என்று பால் சங்கமும், கதவைத் திறந்ததே நாங்கள் என்று தானியச் சங்கமும் எழுதிவிட்டதால், அன்று வந்த பதினொரு சங்கத்தாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று அப்பா முடித்தார். “ஒரே கதவுதானேப்பா?” என்றேன். “அகலமான கதவுன்னு போட்டுரு” என்றார்.

இதையெல்லாம் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டைப் அடிக்க அடிக்க எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. மழையே பெய்யாத அந்த வருஷம் தெற்கில் விதை தீர்ந்துபோனபோது, வடக்குச் சங்கங்கள் தாங்கள் விதைக்க வைத்திருந்ததில் பாதியை அளந்து லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. கை தூக்கி ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தேனீ வளர்ப்பவர்கள் சங்கத்தில் மொத்தமே ஒன்பது பேர். தானியச் சங்கத்தில் லட்சம் பேர். இரண்டுக்கும் சங்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டு. எங்கள் வகுப்பில் லீடர் தேர்தலைக்கூட இவ்வளவு நியாயமாக நடத்தியதில்லை.

ஆனால் ஏழாம் பக்கம் மட்டும் ஒரு முடிவுக்கு வரவே இல்லை. கூட்டமைப்பை ஆரம்பிக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதுதான் அந்தப் பக்கம். பத்துச் சங்கங்கள் நாங்கள்தான் என்றன. ஒருவர் எழுதியதில் மற்ற ஒன்பது பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அப்பா வரி வரியாக அடித்து நீக்கி, கடைசியில் பக்கமே காலி. பென் டிரைவை அச்சகத்தில் கொடுக்கப் போனபோது அச்சகக்காரர், “ஏழாம் பக்கம் வெள்ளையா கிடக்குதே பாப்பா. இப்படியே போட்டா அச்சுக் கோளாறுன்னு பூரா புஸ்தகத்தையும் என் கழுத்துல கட்டிருவாங்க. சாயங்காலத்துக்குள்ள ஏதாவது குடு” என்றார். அப்பாவிடம் ஓடினேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஏதாச்சும் போட்டோ இருக்கா பாரு, போ” என்று ஆவண அறைச் சாவியைக் கொடுத்தார்.

போட்டோ இல்லை. இரும்பு அலமாரியின் அடித்தட்டில், முதல் கூட்டத்து நோட்டு இருந்தது. பல வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை போல, பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. அதில் யார் முதலில் சொன்னார்கள் என்றே எழுதவில்லை, பெரியப்பா. ‘ஆதரவு: பத்து. எதிர்ப்பு: ஒன்று, விதைச் சங்கம்’ என்று இருந்தது. விதைச் சங்கம் என்றால் நீங்கள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும், முதல் ஆளாக ஆதரித்துக் கை தூக்கியவர் என்று உங்களை மேடையில் அறிமுகப்படுத்துவார்கள், நீங்களும் சிரித்துத் தலையாட்டுவீர்கள். காது கேட்காமல் ஆட்டினீர்களா, கேட்டே ஆட்டினீர்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். ஓட்டெடுப்பு முடிந்ததும் நீங்கள் எழுந்து, “பெரிய சங்கம் சின்னச் சங்கத்த முழுங்கிரும்னு இப்பவும் சொல்றேன். ஆனா நான் தோத்துட்டேன், சரி. இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு ஆள் வேணுமே, யார் எழுதப் போறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் முன்வரவில்லை. “அப்ப நானே எழுதறேன். எவனும் எவனையும் முழுங்காமப் பாத்துக்கவும் ஒரு ஆள் வேணும்ல” என்றீர்களாம். அந்த வரியோடு நோட்டில் மை மாறுகிறது, கையெழுத்தும் மாறுகிறது. பிறந்தநாளுக்கு எனக்கு வரும் கடிதங்களில் இருக்கும் அதே கையெழுத்து. அங்கிருந்து பதினொரு வருஷம், நோட்டுக்கு மேல் நோட்டு, எல்லாம் நீங்கள். ஒன்பது பேர் சங்கத்துக்கும் ஒரு ஓட்டு என்ற விதி உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நான் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் என்று சொன்ன ஒருவர், தோற்ற அன்றைக்கே அந்த வேலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறார். நானாக இருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இதைவிட நல்ல ஏழாம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. அங்கேயே எழுதி, சாயங்காலம் அச்சகத்தில் கொடுத்துவிட்டு, “படம் குடுத்தாச்சுப்பா” என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன்.

இப்போதுதான் விபரீதம் புரிகிறது. சனிக்கிழமை மேடையில், இத்தனை பேர் முன்னால், முதல் பிரதியை உங்கள் கையில் கொடுக்கப்போகிறார்கள். நீங்கள் எந்தப் புத்தகத்தையும் ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவர். அங்கேயே படிப்பீர்கள். முகம் வாடும். சம்மதம் வாங்காமல் ஒரு வரிகூட வெளியே விட்டதில்லை என்று பெருமைப்படும் அப்பா, சொந்த அண்ணனைப் பற்றி ஒரு பக்கமே விட்டிருக்கிறார் என்பார்கள். அவருக்கு வேலையே போகலாம். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், ஒரே ஒரு போன் செய்து நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்டால் அட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். உண்மையிலேயே நன்றாக இல்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பையும், உங்கள் பாதங்களுக்கு நான் நேரில் செய்யப் பயப்படும் வணக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு என்னை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: ‘பெரியப்பா நாளைக் காலையிலேயே வருகிறார், கட்டிலைக் காலி செய்.’ நாளை வெள்ளி. இந்தக் கடிதம் உங்கள் ஊருக்குப் போய்ப் பூட்டிய கதவின் இடுக்கில் விழும்போது நீங்கள் என் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள். இது தெரிந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு அந்தப் பக்கத்தை நிறுத்த மனசே இல்லை என்றுதானே அர்த்தம்? ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். யாருக்கும் போன் செய்ய வேண்டாம். உறையைக் கிழித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். காலையில் கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து, ஏழாம் பக்கத்தை மடித்து, இந்தக் கடிதத்தை அதற்குள் வைத்து உங்கள் தலையணையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். படித்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு வையுங்கள். போட மாட்டேன் என்றால், நான்கு மணிக்கு வந்து நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.