கண்டசாட்சியாரும் இஞ்சித் தேத்தண்ணியும்

திருகோணமலை இறங்குதுறையில் கால் வைத்த மனிதர்களிலேயே, எந்த வைத்திய ஆலோசனையையும் காதில் போடாமல் கல்லுப்போல இருந்தவர் ஒரே ஒருவர்தான். மூதூருக்குச் சனம் ஏற்றுகிற லோஞ்சில் சுக்கான் பிடித்தவர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது. ‘கண்டசாட்சியார்’ என்றால் குடாக்கடலில் போகிற மீனும் திரும்பிப் பார்க்கும்.

“பப்பாப்பழம் சூடு” என்று நீங்கள் வாய் திறந்தால் போதும், “கண்ட ஆள் ஆர்?” என்பார். “புண்ணுக்கு இறால் கூடாது, கிரந்தி” என்றால், “ஆரின்ர புண்? எங்க, காட்டுங்கோ பாப்பம்” என்பார். மீனும் தயிரும் சேர்ந்தால் தோல் வெளுக்கும் என்று ஊரே சொல்ல, அவர் மூதூர்த் தயிரையும் பாரைமீன் குழம்பையும் ஒரே கோப்பையில் குழைத்து அடிப்பார். பிறகு கையை நீட்டிப் பார்ப்பார். “வெயிலில வந்த கறுப்பு அப்பிடியே கிடக்கு. தயிர்க்காரன் ஏமாத்திப்போட்டான்.”

மூதூரில் எனக்கு அலுவலக வேலை. தினமும் அந்த லோஞ்சில்தான் போய்வந்தேன். அது லோஞ்சு இல்லை, மிதக்கிற வைத்தியசாலை. ஏறுகிற எல்லாரும் டாக்குத்தர்மார். மாதத்துக்கு ஒரு வைத்தியம் பரவும். ஒரு மாதம் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. இன்னொரு மாதம் பச்சை உள்ளிப்பூண்டு. அந்த மாதம் எஞ்சின் புகைதான் எங்களுக்கு வாசனைத் திரவியம்.

எங்கள் பெரிய கிளாக்கர் ஞாபகசக்திக்கு வல்லாரை சாப்பிடுவார். காலையில் சம்பல், மத்தியானம் சுண்டல், இரவில் சாறு. தினமும் குடையை லோஞ்சில் மறந்துவிட்டு இறங்குவார். “வல்லாரை குடைக்கு வேலை செய்யாது போல” என்று குடையை எட்டிக் கொடுப்பார் கண்டசாட்சியார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மாரிகாலம் வந்தது. பேக்கரி வரிசையில் நின்றாலும் பாண் கிடைக்காத காலம். ஊரே மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்துக்கொண்டிருந்தது. இறங்குதுறை வாசலில் தகரக் கொட்டிலில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் ராத்தா. குறிஞ்சாக்கேணிக்காரி, கணவனை இழந்தவர். ராத்தா என்றால் அக்கா; எல்லாச் சாதிசனமும் அவரை அப்படித்தான் கூப்பிடும். அவரும் காலையில் நன்றாக அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் வைப்பார். அன்றைக்குப் பொல்லாத குளிர். சீனிக்கும் தட்டுப்பாடு. தேத்தண்ணிக்கு ஒரு ருசி இருக்கட்டும் என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுவிட்டார்.

மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சந்தித்தால் ஆள் முடிந்தான் என்பது எங்கள் நாட்டில் பல்லு முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ராத்தாவுக்கும் தெரியும். குளிரில் மறந்துபோனார். நாங்களும் குளிரில் மறந்து, கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு லோஞ்சில் ஏறினோம். அன்றைக்கு எங்களோடு ஒரு ஆடும் ஏறியது.

நடுக்குடாவில் வாடைக்காற்று லோஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முதலில் ஒரு கருவாட்டு வியாபாரி கடலுக்குள் சத்தி எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்போதுதான் பெரிய கிளாக்கர் எழும்பி நின்று கத்தினார்.

“ஐயோ! காலமை மரவள்ளி திண்டனாங்கள்! தேத்தண்ணியில இஞ்சி!”

அவருக்கு வல்லாரை வேலை செய்த ஒரே நாள் அதுதான்.

பிறகென்ன, அதுவரை நல்லாயிருந்தவர்களும் சரிந்தார்கள். ஒருவர் கலிமா சொன்னார். ஒருவர் கோணேசரைக் கூப்பிட்டார். நான் மனைவியை நினைத்துக்கொண்டு பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டேன்.

“கடல் எறியுது, அதுக்கு ராத்தா என்ன செய்யிறது?” சுக்கானில் நின்று கண்டசாட்சியார் கத்தினார். “உந்த ஆட்டைப் பாருங்கோ, அதுவும் தள்ளாடி விழுகுது. அதுக்கு ஆர் தேத்தண்ணி குடுத்தது?”

“ஆடு மரவள்ளி இலை திண்டிருக்கும்!” என்றார் கிளாக்கர்.

“இஞ்சி?”

கிளாக்கர் பதில் சொல்ல வாய் திறந்தார். பதில் வரவில்லை, வேறுதான் வந்தது.

மூதூரில் இறங்கியதும் எல்லாரும் நல்லாகிவிட்டோம். ஆனால் கதை எங்களுக்கு முன்னமே ஊர் சுற்றிவிட்டது. நிலாவெளியிலிருந்து என் மைத்துனர் அழுதுகொண்டு பஸ் ஏறி வந்து, என்னை உயிரோடு கண்டு கொஞ்சம் ஏமாந்துபோனார்.

அதற்குப் பிறகு ராத்தாவின் கடையில் ஈயும் குந்தவில்லை. ஒரு காலை நாங்கள் போனபோது, கிளாசுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் ஊருக்குப் போறன் தம்பி. நஞ்சு வெச்சவள் எண்டு பேர் எடுத்துப்போட்டு இஞ்ச ஆருக்கு ஊத்துற? புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்கிற?”

கண்டசாட்சியார் கடை வாங்குப் பலகையில் இருந்தார். “கேத்திலை இறக்காதீங்கோ ராத்தா. ஒரு கோப்பை கிழங்கு வையுங்கோ. தேத்தண்ணிக்கு இஞ்சியைக் கூடப் போடுங்கோ.”

“அல்லாவே! உங்களுக்கென்ன விசரா? மவுத்தாப் போனா ஆர் பதில் சொல்லுற?”

“செத்ததைக் கண்ட ஆள் ஆர்? ஒருத்தருமில்லை. இண்டைக்கு எல்லாரும் காணட்டும்.”

சொல்லிவிட்டுக் கைமணிக்கூட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “சங்கிலி இறுக்குது. வைச்சிருங்கோ.”

கிழங்கைச் சாப்பிட்டார். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அடியில் கிடந்த இஞ்சித் துண்டையும் எடுத்து மென்றார். பிறகு, “வாங்கோ, லோஞ்செடுப்பம்” என்றார்.

“நான் ஏற மாட்டன்!” என்றார் பெரிய கிளாக்கர். “நடுக்கடலில சுக்கான்காரன் செத்தா நாங்கள் என்ன, நீந்தியோ கந்தோருக்குப் போறது?”

ஒருவரும் ஏறவில்லை. மழைத்தூறலில் அவரைச் சுற்றி நின்று முகத்தையே பார்த்தோம்.

“கண் செருகுது!”

“தூவானம் விழுந்தது.”

“வேர்க்குது, வேர்க்குது!”

“சம்பல் உறைப்பு.”

வயிறு நிறைந்து ஒரு ஏவறை விட்டார். கூட்டம் பின்வாங்கியது.

நேரம் போகப் போக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் பசித்தது. சம்பல் வாசம் வேறு. கடைசியில் பெரிய கிளாக்கரே தொண்டையைச் செருமினார். “ராத்தா, எனக்கொரு கோப்பை கிழங்கு. தேத்தண்ணி வேண்டாம்.” இன்னொருவர், “எனக்கு இஞ்சித் தேத்தண்ணி. கிழங்கு வேண்டாம்” என்றார். சனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாங்கில் நிறைந்தது.

“பாதி வழி வந்திட்டினம், இண்டைக்கு இது காணும்” என்றார் கண்டசாட்சியார். ராத்தா சாக்கை அவிழ்த்தார். அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

பிந்திப் புறப்பட்ட லோஞ்சில் மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கட்டியபோது பார்த்தேன். சங்கிலி தொளதொளவென்று கிடந்தது.

“பயந்தனீங்களோ அண்ணை?”

கடலைப் பார்த்தபடி கேட்டார்: “கண்ட ஆள் ஆர்?”

நான்தான் அண்ணை. மணிக்கூட்டைத் தந்தபோது உங்கள் கை குளிர்ந்து நடுங்கியதை இந்தக் கைதான் கண்டது.