தங்கள் அண்ணனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய விவரம்

திருவண்ணாமலை,
புரட்டாசி, 1961.

எனக்குச் சம்மந்தியாகப் போகிற, கோலார் தங்கவயல் கண்ணாயிரம் அவர்களுக்கு, வேடியப்பன் கைகூப்பி எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காகத் தாங்கள் மன்னிக்க வேண்டும். எழுத்துகள் சில பெரியதாகவும் சில சிறியதாகவும், வரிகள் மலை ஏறுகிற மாதிரியும் இருக்கும். போன பங்குனி வரை நான் கைநாட்டு. என் பையன் ராஜேந்திரனுக்கு வந்த இரண்டு இடம், 'அப்பன் கைநாட்டு' என்று தட்டிப் போன பிறகுதான் முதியோர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். இது நான் பிறந்து வளர்ந்து எழுதுகிற முதல் கடிதம். ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, ஆனாலும் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கு நானும் என் சம்சாரம் உண்ணாமுலையும், சாத்தனூர் அணையில் வேலை பார்க்கும் ராஜேந்திரனும், விருந்தாளியாக வந்திருக்கும் தங்கள் அண்ணன் பரசுராமன் அவர்களும் சௌக்கியம். அங்கே தாங்களும் வீட்டில் எல்லோரும், முக்கியமாக எங்களுக்கு மருமகளாகப் போகிற குழந்தை மங்களாம்பிகையும், சௌக்கியமாக இருக்க அண்ணாமலையாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

'அண்ணன் வந்து ஊரையும் வீட்டையும் பையனையும் பார்ப்பார், அவர் சரி என்றால் சரி, அவர் வேண்டாம் என்றால் நான் பேச மாட்டேன்' என்று தாங்கள் சொல்லியனுப்பினீர்கள். நல்ல சேதி. அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் கொஞ்சம் மாறியிருக்கிறார். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுவது என் கடமை. வந்த அன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கோட்டு, தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு சுரங்க மேஸ்திரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற தோரணையில் இருந்தார். வீட்டுக்கு வந்து காபி குடித்தார், சர்க்கரை கம்மி என்றார், உத்தரத்தைத் தட்டிப் பார்த்து இது எந்த மரம் என்று கேட்டார். பிறகு மலை சுற்றப் புறப்பட்டோம். ஆசிரமத்தில் மயில் பார்த்தோம், வெள்ளைக்கார அம்மா ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு எமலிங்கத்தைக் கும்பிட்டோம். செங்கம் ரோட்டை விட்டு மலைப் பாதையில் திரும்பினதும்தான் பேச்சு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவோம், ஆனால் பாதையின் இடது ஓரமாகத்தான் நடப்போம். மலையோரம் இருக்கிற பாதி, கண்ணுக்குத் தெரியாமல் சுற்றுகிற சித்தர்களுக்கு. அந்தப் பாதியில் நாங்கள் கால் வைப்பதில்லை, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி யாரையும் உற்றுப் பார்ப்பதும் இல்லை. இதைச் சொன்னால் அண்ணன் சிரிக்கிறார்.

"ரோட்டுல பாதிய யாருக்கு உட்டு வச்சிக்கிறீங்க? நெழலெல்லாம் அந்தாண்டதானே கீது. வெயில்ல நீங்க வேகுங்க. சுரங்கத்துல இருட்டுல நடந்த காலு இது. எனக்கு நெழல் வோணும்."

போய்விட்டார். மலையோரப் புளிய மரங்களுக்கு அடியில் நடக்கிறார். பெண் வீட்டுப் பெரியவரை எப்படி அதட்டுவது? நான் இந்தப் பக்கம் வெயிலில் தலையைக் குனிந்துகொண்டு, அவரைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தேன். நல்ல உச்சி வேளை. பாதையில் வேறு ஒரு ஆள் இல்லை. அடியண்ணாமலை தாண்டினதும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றின லாரி ஒன்று பின்னால் வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு கொஞ்சம் நின்று, பிறகு போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். புழுதி அடங்கினதும் "தூசு ஜாஸ்தியா, அண்ணே?" என்றேன். "ம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'ம்' தவிர வேறு வரவில்லை. நானோ வாய் ஓயவில்லை. குபேரலிங்கம் வந்தது, சொன்னேன். ஆயிரங்கால் மண்டபம், படவேடு, சாத்தனூர் அணை என்று இந்த ஜில்லாவில் பார்க்க வேண்டியதெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'ம்'. காலடிச் சத்தம் மட்டும் என் காலடியோடு சரியாக விழுந்தது, நான் நின்றால் அதுவும் நின்றது. ஈசானியலிங்கத்தண்டை எங்கள் தெரு சைக்கிள் கடை மதார் சாகிப் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

"இன்னா வேடியப்பா, வெயில்ல தனியா பேசிக்கினு வர?"

"தனியா இன்னா பாய்? பொண்ணு வீட்டுப் பெரியவரு கூட வராரே. கண்ணாடி மாத்துங்க பாய்."

மதார் சாகிப் மலைப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போய்விட்டார். பாவம், கண்ணில் புரை போல இருக்கிறது.

ஊர் எல்லையில் நான் திரும்பினால், அண்ணன் இருக்கிறார். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை, கண்ணாடியும் இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, மேலெல்லாம் விபூதி. குரங்கு பிடுங்கியிருக்கும், இங்கே அது சகஜம், அதற்காக நான் வெட்கப்படுகிறேன். மலையோரத்தில் நடந்து வந்தவர் என்பதால் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம். காலையில்தான் முதல் தடவை பார்த்த முகம், அப்போதும் பாதி தலைப்பாகை பாதி கண்ணாடி. கோட்டு எங்கே என்றேன். "ம்" என்றார். பெரிய மனிதர், மனசு நொந்திருப்பார் என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

உண்ணாமுலைக்கு மட்டும் அன்று முதல் ஒரே முணுமுணுப்பு. "ஏங்க, காலைல சர்க்கரை கம்மின்னாரு. இப்ப உப்பே போடாம வச்சேன், ஒண்ணுமே சொல்லல. சாப்புடறாரு, சோறு தீந்துபோவுது, ஆனா எலையப் பாத்தா அப்பத்தான் கழுவி வச்ச மாதிரி கீது. நீங்க மொகத்தப் பாத்தீங்களா?"

"பொண்ணு வீட்டுக்காரர மொறச்சிப் பாக்கச் சொல்றியா?"

"நானும் பாக்கலங்க. பாக்கலாம்னு போவேன், தல தானா குனிஞ்சிக்குது."

மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். என்ன கூட்டம் தெரியுமா? ஆனால் எங்களுக்கு இடி இல்லை, நெரிசல் இல்லை. அண்ணன் நடக்க நடக்க ஜனங்கள் பேசிக்கொண்டே இடது பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள், ஏன் ஒதுங்கினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கோயில் யானை கூட ஒரு அடி இடது பக்கம் நகர்ந்து நின்றது. ஆயிரங்கால் மண்டபத்துக் குரங்குகள் எல்லாம் தூணில் ஏறி, ஒரு சத்தமும் இல்லாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு வசதியாக நான் சாமி பார்த்ததே இல்லை.

அதற்கடுத்த நாள் சாத்தனூர். பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்கினார்கள். எங்கள் பெஞ்சில் மட்டும் அண்ணனை ஒட்டி இடம் காலியாகவே வந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை நான் கூப்பிட்டும் உட்காரவில்லை. கண்டக்டர் அண்ணனிடம் டிக்கெட் கேட்கவே இல்லை, நான் கேட்டால் "யாருக்கு?" என்கிறார். அணையைத் தாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், சம்மந்தி. பூங்கா இருக்கிறது, பெண்ணையாறு முழுவதையும் ஒரு சுவர் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்தச் சுவரின் மேல் ராஜேந்திரன் வந்து வணக்கம் சொன்னான். தலை குனிந்துதான் சொன்னான், பையனுக்கு மரியாதை ஜாஸ்தி. அண்ணன் கைப்பிடிச் சுவரண்டை போய் நின்றார். அது வரை மதகில் இரைந்துகொண்டிருந்த தண்ணீர் அப்போது எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் விழுவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. அந்த அமைதியில் நான் கேட்டேன்.

"பையனப் புடிச்சிருக்குங்களா?"

"ம்."

"தையில வச்சிக்கலாமுங்களா?"

"ம்."

உடனே தண்ணீர் இரைச்சல் திரும்ப வந்துவிட்டது. என் காதில் ஏதோ அடைப்பு போல. எதுவானாலும் சம்மதம் சம்மதம்தானே? இரண்டு இடம் தட்டிப்போனவனுக்குத் தங்கள் அண்ணன் வாயால் கிடைத்த அந்த வார்த்தையை நினைத்து, நான் பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன். அன்று முதல் வீட்டில் நாங்கள் எல்லோரும் இடது சுவர் ஓரமாகவே நடக்கிறோம். யாரும் சொல்லி வைத்து நடக்கவில்லை, அப்படிப் பழகிவிட்டது. இதை எழுதும்போதுகூட அண்ணன் உள்ளறையில்தான் இருக்கிறார். விளக்கு வைக்க உண்ணாமுலை போகவில்லை, வெளிச்சம் அங்கே இருக்கிறது என்கிறாள்.

ஆகவே தாங்கள் குடும்பத்தோடு புறப்பட்டு வந்து இந்த ஊரையும் அணையையும் பார்த்து, தட்டு மாற்றிக்கொண்டு போக வேண்டும். அண்ணனுக்கு ஒரு கோட்டு மட்டும் கொண்டு வாருங்கள். சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கம். குழந்தை மங்களாம்பிகை எல்லா நலனும் பெற்று வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, தன் கையாலேயே கையெழுத்துப் போடும்,
வேடியப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் தங்கள் அண்ணன். கோட்டு, தலைப்பாகை, கண்ணாடி, ஒரு பை நிறைய மல்லாட்டை.

"ஏம்பா, காலு வீங்கிப்போச்சி, லாரில போறேன்னு அந்த ரோட்டுல அவ்ளோ கத்தறேன், நீ திரும்பக்கூட இல்ல. கீழ்பென்னாத்தூர்ல எங்க பங்காளி வீட்ல படுத்துக் கெடந்தேன், தேடி ஒரு ஆள் வரல. இதான் சம்மந்தி மரியாதையா?"

"நீங்க சரின்னு சொன்னீங்களே, அண்ணே. அணையில."

"எந்த அணை? உன் பையன நான் கண்ணாலயே பாக்கல, எவன் சரின்னு சொன்னது? இந்த சம்மந்தமே வாணாம், நான் கோலாருக்குப் போறேன்."

உண்ணாமுலைதான் உள்ளறையைக் கையால் காட்டினாள். அண்ணன் கூடத்தின் நடுவாக, தரை அதிர நடந்து உள்ளே போனார். ஒரு சத்தமும் இல்லை. வெகு நேரம் கழித்து வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, இடது சுவரோரமாக வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தையிலயே வச்சிக்கலாம். அவரும் வராராம்."

ஆகையால் மேலே கடிதத்தில் லாரி போன பிறகு தங்கள் அண்ணன் என்று வருகிற இடமெல்லாம் தவறு, தயவு செய்து அடித்துவிடவும். சம்மதம் மட்டும் சரி. உள்ளறையில் இருப்பவர் கல்யாணத்துக்குப் பெண் வீட்டு ஆளாக வருகிறாரா, பிள்ளை வீட்டு ஆளாக வருகிறாரா என்று உள்ளே போய்க் கேட்க எனக்கும் தங்கள் அண்ணனுக்கும் இன்றைக்குத் தைரியம் இல்லை. கேட்டு, வருகிற வாரம் எழுதுகிறேன்.