பயற்றஞ்செடி வண்டும் பக்கத்து வீட்டுப் பூங்காவனமும்

காஜா பெராங், மலாக்கா
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி பொன்னுதுரைக்கு அக்காள் அஞ்சலை ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகம். பயற்றஞ்செடி மட்டும் சுகமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் நீயும் கோகிலாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

உன் கடிதம் வந்தது. வண்டைப் பிடித்து மண்ணெண்ணெய் கலந்த சவுக்காரத் தண்ணீரில் போட்டுக் கொல்லு என்று எழுதியிருக்கிறாய். பிள்ளையார் சதுர்த்திக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறேன், ஓர் எறும்பைக்கூட மிதிக்கக்கூடாது என்று போன கடிதத்திலேயே எழுதினேனா இல்லையா? நீ எதைத்தான் ஒழுங்காகப் படித்தாய்? என் கலியாணப் பந்தியில் என் மாமியார் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றவன்தானே நீ. அந்த அம்மாள் கண்ணை மூடும்வரை அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

வருஷா வருஷம் சதுர்த்தி அன்னதானத்துக்கு என் பயற்றங்காய்ப் பொரியல்தான். இந்த வருஷம் மஞ்சள் வண்டு வந்து இலையையெல்லாம் சல்லடையாக்கிவிட்டது, பூவையும் விடவில்லை. வெள்ளைக்காரனே மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான், இது போகமாட்டேன் என்கிறது. அடுப்புச் சாம்பலைத் தூவினேன், மழை வந்து கழுவிவிட்டது. கோயில் சமையல்காரர் அப்பாசாமி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, காய் தேறுமா? இல்லாட்டி பாசார்ல வாங்கிடறேன்" என்று சிரிக்கிறார். பாசார்க் காயாம்! அதைப் பிள்ளையாருக்குப் படைப்பதைப் பார்க்க நான் உயிரோடு இருக்கணுமா?

அதனால் கொல்லாமல் ஒரு வழி செய்தேன். விடியற்காலையில் வண்டுக்குச் சோம்பல், பறக்காது. செடியைத் தட்டினால் பொலபொலவென்று விழும். பால் டின்னில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அந்தப் பக்கம் பூங்காவனத்தின் பயற்றம்பந்தல் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? வண்டு எங்கே போகிறதென்று பின்னாலேயே போய்ப் பார்க்க முடியுமா? ஜப்பான்காரன் காலத்தில் என் அம்மிக் குழவியை இரவல் வாங்கி, முனையை உடைத்துக் கொடுத்தவள் அவள்.

ஆனால் எவ்வளவு பிடித்தாலும் மறுநாள் அவ்வளவும் என் செடியிலேயே உட்கார்ந்திருக்கும். இன்று காலை கொஞ்சம் முன்னதாக வேலியோரம் போனால், அங்கே பூங்காவனம் பிஸ்கட் டின்னோடு நிற்கிறாள்.

"என்னடி டின்னு?"

"ஒங்க கையில என்னக்கா?"

"பாலு."

"பாலு ஏன் கறகறங்குது?"

"ஒன் பிஸ்கட்டுந்தான் கறகறங்குது."

அவளும் காப்புக் கட்டியிருக்கிறாளாம்! "பிள்ளையாரு ஒங்களுக்கு மட்டுந்தான் சொந்தமா?" என்று கேட்கிறாள். இத்தனை நாளும் ஒரே வண்டுக் கூட்டத்தைத்தான் இரண்டு பேரும் இங்கும் அங்கும் பல்லக்கில் வைத்துத் தூக்கியிருக்கிறோம்.

ஆகையால் நீ உடனே புறப்பட்டு வா. உனக்கு விரதமும் இல்லை ஒன்றும் இல்லை, மூன்று வேளையும் மீன் தின்கிறவன். உனக்கு இருக்கிற பாவத்தில் இந்த வண்டுகள் கூடுதலாகத் தெரியாது. பூங்காவனத்தின் பந்தல் பக்கம் திரும்பியும் பார்க்காதே. அவள் காய் ஒன்றுகூடக் கோயிலுக்குப் போகக்கூடாது.

கோகிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். பிள்ளையார் உங்களைக் காப்பாற்றுவார். நீ கேட்டவுடன் வந்தால் இன்னும் நன்றாகக் காப்பாற்றுவார்.

இப்படிக்கு,
அக்காள் அஞ்சலை

பி.கு.: நீ வரவேண்டாம். நேற்று இதைத் தபாலில் போட முடியவில்லை. இன்று விடியும்போதே பூங்காவனம் சவுக்காரத் தண்ணீர் வாளியோடு என் கொல்லைக்குள் வந்து நின்றாள், வாயில் எதையோ மென்றுகொண்டு. "நெத்திலிக் கருவாடுக்கா. என் விரதம் போச்சு, தள்ளுங்க" என்றாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "என் பந்தல்ல ஒண்ணும் மிஞ்சல. ஒங்களுதுல இன்னும் பிஞ்சு இருக்கு. அதாச்சும் கோயிலுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு வண்டு பாக்கியில்லாமல் வாளிக்குள் உதிர்த்து முடித்தாள். மேலே அவளைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமென்று பார்த்தேன், பாதிக் கடிதம் போய்விடும். நீ அதையெல்லாம் படிக்காமல் விட்டுவிடு.