துயரம் கடக்க ஏழு வழிகள்

அலாரம் அடித்தது. எழுந்தான், பல் தேய்த்தான், குளித்தான். கட்டிலில் ஒரு பாதிதான் கசங்கியிருந்தது. போர்வை மடிப்பது சுலபம். மனைவி இறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே வசதி அது. நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு அலுவலகம் போனான்.

இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவது அவன் வேலை. தலைவலியோ, குழாய் ஒழுகலோ, தாம்பத்தியமோ, எதுவானாலும் 'இன்றைய அவசர உலகில்' என்று ஆரம்பித்து 'எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது' என்று முடிப்பான். நடுவில் விளம்பரம் வரும்.

தளத்தின் ஆசிரியை அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நேத்து அனுப்பினீங்களே, 'துயரம் கடக்க ஏழு வழிகள்'. சோதனையில மாட்டிக்கிச்சு. தொண்ணூறு சதவீதம் மெஷின் எழுதினதுன்னு காட்டுது."

"நான்தான் எழுதினேன் மேடம்."

"நான் சாட்சி," என்றான் பக்கத்து மேசைப் பிழைதிருத்துநர். இரண்டு சொல் சேர்ந்திருந்தால் பொறுக்காமல் நடுவே ஒன்றைப் போட்டுவிடுவதால் அவன் பெயர் கமா. "மூக்கைச் சிந்திக்கிட்டே எழுதினான். மெஷினுக்கு ஏது மேடம் சளி?"

"என்கிட்ட சொல்லி என்ன? முதலாளி அந்த சாஃப்ட்வேரைத்தான் நம்புறார். மத்தியானத்துக்குள்ள பச்சை விளக்கு எரியணும். இல்லேன்னா உங்க சீட்ல மெஷினையே உட்கார வெச்சிடுவார். அதுக்கு லீவும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்."

அவன் 'இன்றைய அவசர உலகில்' என்பதை வெட்டினான். சதவீதம் ஏறியது.

"மனுஷன்னா தப்பு பண்ணணும்டா. எழுத்துப்பிழை விடு," என்றான் கமா. வாழ்நாளில் முதல்முறையாக அப்படி ஒரு யோசனை சொன்னதால் அவனுக்கே வியர்த்தது.

பிழை விட்டான். சாஃப்ட்வேர் அத்தனையையும் பணிவாகத் திருத்தியது; சதவீதம் இன்னும் ஏறியது. போதாததற்குக் கேள்வி வேறு கேட்டது: 'நீங்கள் மனிதர்தானா? படிக்கட்டு உள்ள படங்களைத் தொடவும்.'

தொட்டான். 'தவறு. மீண்டும் முயலவும்.'

"அது ஏணிடா," என்றான் கமா.

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள். "சொந்த அனுபவம் ஏதாவது சேருங்க. தப்பா எடுத்துக்காதீங்க... உங்க வீட்ல கடைசியா என்ன சொன்னாங்கன்னு போடுங்களேன்."

அவன் விரல்கள் தாமாகவே தட்டின: 'கண்ணீர் விடாதீர்கள். உங்கள் புன்னகையில் நான் என்றும் வாழ்வேன் என்றாள் என் மனைவி.'

திரை முழுக்கச் சிவந்தது. தொண்ணூற்றொன்பது.

"டேய்," என்றான் கமா, "தங்கச்சி இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல. எனக்குப் போன் பண்ணாக்கூட, 'அண்ணே, அவர் குடையை உங்க மேசையில வெச்சிட்டாராம்', டொக்குனு வெச்சிடும். நிஜமா என்னதான் சொல்லிச்சு?"

அவன் திரையையே பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தேன். போன்ல. 'நம்பிக்கையே மருந்து'."

"நீங்க எழுதினதுதானே அது?" என்றாள் ஆசிரியை. "நம்ம தளத்துல நிறைய பேர் படிச்சது."

"ஆமா. நான் எழுதினதுன்னு அவகிட்ட சொல்லல. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தா. மூணாவது வழி வந்ததும் கண்ணைத் திறந்தா. ஒண்ணு சொன்னா. அப்புறம் எதுவும் சொல்லல."

"என்ன சொன்னாங்க?"

அவன் ஏழு வழிகளையும் மொத்தமாக அழித்தான். ஒரே ஒரு வரியைத் தட்டிப் பொத்தானை அழுத்தினான். வட்டம் சுற்றியது, நின்றது, இன்னொரு முறை சுற்றியது.

பச்சை விளக்கு எரிந்தது.

கமா எட்டிப் பார்த்தான். நடுவில் எதையும் போடவில்லை. ஆசிரியை குனிந்து, மெல்ல வாய்விட்டுப் படித்தாள்:

"இதை எழுதினது மனுஷனே இல்லைங்க. மூடி வெச்சிட்டுப் போய் சாப்பிட்டு வாங்க."