எட்டாத உயரத்தில் ஒரு ஃபில்டர்

எங்கள் வீட்டுக் குடிநீர் ஃபில்டரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

மே மாதம் வந்தால் ஸரஃப்ஷான் ஆறு பாதி மலையைக் கரைத்துக்கொண்டு இறங்கும். எங்கள் தெருமுனைக் குழாயில் சேற்று நிறத்தில் தண்ணீர் வரும். ஆளுக்கொரு வயிற்றுவலி. அந்தக் குழாயிலிருந்து என் மனைவி சதஃப் தினமும் வாளி வாளியாகத் தூக்கி வந்தாள். பத்தொன்பது வருஷமாக. எங்கள் தெருவில் ஆம்பளை தண்ணீர் வாளியைத் தொட்டால் அடுத்த நவ்ரூஸ் புத்தாண்டுவரை சிரிப்பார்கள். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. பக்தியோடு கடைப்பிடித்தேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. இடது கையால் தலை வாரினாள். அதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. கஷ்டப்பட்டேனே தவிர வாளியைத் தூக்கவில்லை. அப்படியும் அவள் எனக்குத் தேநீரைப் பியாலாக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவாள். உட்காருங்கள், இன்னும் தருகிறேன் என்ற மரியாதை அது. தளும்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். அதெல்லாம் வேண்டாத விருந்தாளிக்கு.

ஒருநாள் நான் அறிவித்தேன், ஃபில்டர் வாங்கப்போகிறோம் என்று. கரண்டு வேண்டாம். மேல் தொட்டியில் ஊற்றினால் வடிகட்டும் கேண்டில் வழியாகச் சொட்டிச் சொட்டிக் கீழ்த் தொட்டியில் நிறையும். முழுக்கப் புவியீர்ப்பு. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். புவியீர்ப்பு என் கைக்குள் இருக்கிற விஷயம்.

"குட்டையா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மூடியைத் திறந்து நானே ஊத்திக்குவேன்" என்றாள் சதஃப்.

"உயரம் கூடினா அழுத்தம் கூடும். தண்ணி சீக்கிரம் இறங்கும். இதுகூடத் தெரியாதா?"

"உயரமானது வேண்டவே வேண்டாங்க. போர்வைப் பெட்டி மேல வெச்சா எனக்கு எட்டாது. சொன்னாக் கேளுங்க."

சொன்னால் கேட்பதா? அவள் வேண்டாம் என்றதை நான் விட்டுவைத்ததாகச் சரித்திரமே இல்லை.

சந்தையில் நஸ்ரி கடையில் ஐந்து வகை இருந்தது. மண் பானை, பிளாஸ்டிக், எவர்சில்வர் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். கேண்டிலைப் பற்றி நஸ்ரியிடம் குறுக்கு விசாரணை செய்தேன். கடைசியில் இருப்பதிலேயே உயரமானதைக் காட்டினேன். அது ஏற்கெனவே துடைத்து, தூக்க வசதியாகக் கயிறு கட்டி, முன்னால் நின்றது. வியாபாரி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

ரஜாய்ப் போர்வைகள் வைக்கிற அந்தப் பெரிய பெட்டி மேல் ஏற்றினேன். சதஃப் இடது கையை நீட்டி எம்பினாள். எட்டவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"இப்ப என்ன பண்றது, வாத்தியாரே?"

ஊற்றுவது நான் என்று முடிவாயிற்று. அதோடு போகவில்லை. தண்ணீரைக் கலக்கிக் கொண்டுவந்தால் சேறு கேண்டிலை அடைத்துக்கொள்ளுமாம். அலுங்காமல் குலுங்காமல் தூக்கப் படித்த கை வேண்டுமாம். இதை என்னிடம் மட்டுமல்ல, குழாயடியில் எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டு வாளியோடு போனேன். பக்கத்து வீட்டுக் கர்வோன் சிரிக்க வாயைத் திறந்தான்.

"சிரிக்காதீங்க. அது விஞ்ஞானம். உங்களுக்கு வராது" என்றாள் அவன் பெண்டாட்டி.

"ஏன் வராது?" என்றான் கர்வோன்.

மூன்றாம் நாள் அவனும் உயரமான ஃபில்டர் வாங்கிவிட்டான். இப்போது காலையில் குழாயடியில் நாலு ஆம்பளைகள். யார் வீட்டில் சீக்கிரம் சொட்டுகிறது என்று வாக்குவாதம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை. சதஃப் வலது கையால் தலை வாருகிறாள். முதல்நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் என் உயரக் கணக்கால் வந்தது என்று பெருமையும் சேர்ந்துகொண்டது.

நேற்றுத் தேநீரோடு ஆப்ரிகாட் ஜாம் கேட்டேன். சதஃப் பெட்டியருகே போய் நின்று, குதிகாலைக்கூட உயர்த்தாமல், ஃபில்டருக்கு மேலிருந்த பலகையிலிருந்து ஜாடியை எடுத்து வந்தாள்.

கடித்த ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"சதஃப், அந்தப் பலகை ஃபில்டர் மூடியைவிட ஒரு சாண் உயரமாச்சே?"

"ஆமாங்க."

"அப்போ நஸ்ரி கடையில அந்தக் கயிறு?"

"நான்தான் கட்டி வைக்கச் சொன்னேன். நீங்க தூக்கிட்டு வரச் சிரமப்படக் கூடாதுல்ல?"

பிறகு என் பியாலாவை எடுத்தாள். சிரித்துக்கொண்டே, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

வாசலில் வாளி இரண்டும் தயாராக இருந்தன.